லண்டன்–பாரிஸ் ரயிலில் டென்ட் சாமான்கள்: எதை விடுவார்கள், எது மாட்டும்?

திருநகர்வாசி:
வணக்கம். நானும் தம்பியும் லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் பாரிஸ், அங்கிருந்து ஜெனீவா போய் மலைப்பக்கம் டென்ட் போடப்போகிறோம். மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை, அப்புறம் விமானம். பையில் லாக் விழும் மடக்குக் கத்தி, கைக்கோடாரி, அலுமினிய முளைகள், கேனில் திருகி மாட்டும் திருகு ஸ்டவ், ஒரு கேஸ் கேன். விமானத்தில் இவற்றை செக்-இன் பையில் போட்டுவிடலாம், ரயிலில் யார் கேட்கப்போகிறார்கள் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நத்தம் ரோடு:
கேட்பார்கள். லண்டன் செயின்ட் பான்கிராஸ் ஸ்டேஷனில் எல்லாப் பையும் எக்ஸ்ரே பெல்ட்டில் ஏறும். விமானத்தில் கத்தி தப்பிப்பது செக்-இன் பை தனியாகப் போவதால்தான். இந்த ரயிலில் பை உங்கள் கூடவே வருகிறது, அதனால் அந்த வழி கிடையாது.

கத்தியில் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வெளியில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, லாக் இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. விரித்ததும் டக்கென்று லாக் விழுந்து, அதை எடுத்துவிட்டால்தான் மடங்கும் என்றால் அது இந்தக் கணக்கில் வராது, அலகு எவ்வளவு சின்னதானாலும். அதையும் கோடாரியையும் வீட்டிலேயே வையுங்கள். என் முளைகளைப் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள். மேலாக வையுங்கள், சீக்கிரம் முடியும்.

ஆரப்பாளையம்:
கேஸ் கேனை விமானத்தில் செக்-இன் பையிலும் விடமாட்டார்கள், யூரோஸ்டாரிலும் கூடாது. பாண்டியனில்கூட ஏற்றாதீர்கள் அண்ணே. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை நம்ம மதுரை ஸ்டேஷன் யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்ததே, 9 பேர் போனார்களே, அது உள்ளே யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்த சிலிண்டரால்தான். கேன் சின்னதுதானே என்று நினைக்க எனக்கு மனசே வராது.

திருநகர்வாசி:
சரி, கேன், கத்தி, கோடாரி மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன். ஸ்டவ்வைக் கொண்டுபோகலாமா? கேஸ் எங்கே வாங்குவது?

நத்தம் ரோடு:
ஸ்டவ்வில் கேஸ் வாடையே இருக்கக்கூடாது. நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, உங்கள் விமான நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேஸை ஜெனீவா போய்ச் சேர்ந்த பிறகு வாங்குங்கள். வாங்கும்போது வால்வைப் பாருங்கள்: பிரான்ஸ் பக்கம் திருகாமல் அழுத்தி மாட்டும் கிளிக் வகை கேன் நிறைய விற்கும், அது உங்கள் திருகு ஸ்டவ்வில் பொருந்தாது. கடைக்காரரிடம் ஸ்டவ்வையே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

அழகர்கோவில் அக்கா:
திரும்பும்போது பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷனிலும் இதே சோதனை உண்டு. மிச்சக் கேஸை முகாமில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பிரான்ஸில் இருக்கும் சவோய்தான் ஒப்பினெல் என்ற மடக்குக் கத்தியின் ஊர். மரப்பிடியும் மெல்லிய அலகுமாக, பார்த்தால் வாங்காமல் வர மனசு வராது. ஆனால் அளவைச் சொல்லும் எண்ணில் 6-லிருந்து மேலே எல்லாவற்றிலும் கழுத்தில் இரும்பு வளையம் இருக்கும். திருப்பினால் அலகு லாக் ஆகிவிடும். லண்டன் வழியாகத்தான் திரும்புகிறீர்கள் என்றால் வளையம் இல்லாத 5 அல்லது அதற்குச் சின்ன எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். தக்காளி, வெங்காயம் நறுக்க அதுவே போதும்.