மறு: ஒப்சிடியனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

எரிமலைக் குழம்பு உறைந்து கண்ணாடியாகும் கல்லான ஒப்சிடியனுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையை நான்கைந்து நாளாகப் படித்து மட்டும் வந்தேன். இப்போது எழுதக் காரணம், என் மேசையில் இருக்கும் ஒரு ஒப்சிடியன் துண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிளாஸ் பியூட்ஸ் என்று ஒரு குன்றுத்தொடர் இருக்கிறது, பெயரே கண்ணாடிக் குன்றுகள்தான், அங்கே சொந்தச் சேகரிப்புக்காகக் கல் பொறுக்கிக்கொள்ள அனுமதி உண்டு. அங்கிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்தது. கையில் எடுத்தால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. மெல்லிய ஓரத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் கருமை போய், பால் விடாத தேநீரின் நிறம் வருகிறது. உடைந்த முகத்தில் சிப்பி ஓட்டின் உட்புறம் போல வளைவளைவாக வரிகள். ஓரம் பிளேடு மாதிரி, பொட்டலத்தைப் பிரிக்கும்போதே விரலைக் கீறிவிட்டது.

> கருங்கண்ணாடி என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது

ஐயா, எளிமையில் எனக்கும் ஆசைதான். ஆனால் கல் சேகரிப்பவர்களிடம் இந்தப் பெயர் நிற்காது. இரும்பு ஆக்சைடு கலந்து செம்பழுப்பாக இருப்பதை மஹோகனி என்று தனியாக விற்கிறார்கள். நுண்ணிய வளிக்குமிழ்கள் வரிசையாகச் சிக்கிய வகையில் பொன்னிறம் மினுங்குகிறது. மெக்சிகோவின் பச்சூக்காவில் கிடைப்பது பச்சை சாயலோடு இருக்கிறது. ‘சிவப்புக் கருங்கண்ணாடி’, ‘பச்சைக் கருங்கண்ணாடி’ என்றெல்லாம் எழுத நேர்ந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? அதோடு, தெருவில் ‘கருப்புக் கண்ணாடி’ என்றால் கூலிங் கிளாஸ்தான்.

> எரிமலைப் பளிங்கு

இது காதுக்கு இனிமையாக இருப்பது உண்மை. பொருள்தான் நேரெதிர். பேச்சுவழக்கில் பளிங்கு என்றால் தரையில் போடும் மார்பிள், பழைய நூல்களில் என்றால் படிகம். இந்தக் கல்லின் அடிப்படையோ படிகம் ஆகாமல் போனதுதான். சிலிக்கா 70 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பாறைக்குழம்பு பாகு போலக் கெட்டியாக இருக்கும். அதிலுள்ள அணுக்கள் நகர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்வதற்குள் சூடு ஆறி அப்படியே உறைந்துவிடுகிறது. இதைப் போய்ப் பளிங்கு என்று அழைத்தால், பாடம் நடத்தும் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே பெயரை மறுத்துவிட்டுத்தான் விளக்கத்தைத் தொடங்க வேண்டும்.

> ஒப்சிடியன் என்றே எழுதினால் என்ன குறை?

முதல் குறை எழுத்துக்கூட்டல். இந்த இழையிலேயே ஒப்சிடியன், அப்சிடியன், ஆப்சிடியன் என்று மூன்று வந்துவிட்டன. இலங்கை நண்பர்கள் ஒகரத்தில் தொடங்குகிறார்கள், நாம் ஆகாரத்துக்குப் போகிறோம். சரி, அந்தச் சொல்லுக்காவது உள்ளே பொருள் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. எத்தியோப்பியாவில் ஒப்சியஸ் என்பவர் இதைக் கண்டெடுத்ததாக ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார். பின்னாளில் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவர்கள் செய்த பிழையில் நடுவே ஒரு ‘டி’ நுழைந்து, பிழையே பெயராக நிலைத்துவிட்டது. ஜப்பானியர் ‘கொகுயோசெகி’ என்கிறார்கள், கருமையாக ஒளிரும் கல் என்று பொருள். ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்த ‘ஹ்ராஃப்ன்தின்னா’ எனக்கு மிகவும் பிடித்தது: அண்டங்காக்கைச் சிக்கிமுக்கி! அவரவர் தம் மொழியில் பெயர் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாமும் வைக்கலாம்.

காக்கைக்கல் என்று சொல்ல எனக்கும் மனம் தாவியது, மைக்காவைக் காக்காப்பொன் என்கிற மொழிதானே நம்முடையது. ஆனால் அதிலும் நிறத்தின் சிக்கல் அப்படியே இருக்கிறது. தீக்கல் என்று ஒருவர் சொல்லியிருந்தார், அது ஏற்கெனவே சிக்கிமுக்கிக்குப் போய்விட்ட சொல்.

எரிமலைக் கண்ணாடி சரியான சொல்தான், ஆனால் அது இனப்பெயர். இந்தக் கல், நுரைக்கல், தோட்ட மண்ணில் கலக்கும் பெர்லைட், ஹவாய்த் தீவுகளில் முடி முடியாகப் பறந்து விழும் ‘பெலேயின் கூந்தல்’ எல்லாமே எரிமலைக் கண்ணாடிதான். அந்தப் பெயரை ஒரு கல்லுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் குடும்பத்துக்குப் பெயர் இல்லாமல் போகும்.

நான் முன்வைப்பது தீயாடிக்கல். கூட்டுச்சொற்களில் தீயாடி என்று குறுக்கிக்கொள்ளலாம்.

இதில் புதிதாக எதுவும் இல்லை, இரண்டு பாதியும் பள்ளிப் பாடநூலில் இருக்கின்றன. புவியியலில் தீப்பாறை, இயற்பியலில் குழியாடி, குவியாடி; ஆடி என்றால் கண்ணாடி. ‘தொழிற்சாலைக் கண்ணாடியும் தீயில்தானே பிறக்கிறது’ என்று கேட்பீர்கள். தீப்பாறை படித்த பிள்ளைக்குப் பாறைப்பெயரில் வரும் ‘தீ’ பாறைக்குழம்பைக் குறிக்கிறது என்று புரியும். கடைசியில் ‘கல்’ நிற்பதால் தேவாரம் ஓதிய காதுக்கும் குழப்பம் வராது. அந்தக் காதில் தீயாடி என்றால் தீயில் ஆடுகிற சிவன்தான் முதலில் தோன்றுவான், அதனால்தான் முதல் முறை எழுதும்போது முழுச்சொல்லையே எழுத வேண்டும் என்கிறேன்.

‘ஆடி’யை விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணம், மனிதர்கள் இந்தக் கல்லில் உண்மையிலேயே முகம் பார்த்திருக்கிறார்கள். துருக்கியின் சத்தல் ஹூயுக் என்ற பழங்கால ஊரில் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன் இதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி ஆடி செய்து, இறந்தவர்களோடு புதைத்திருக்கிறார்கள். பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களின் தெஸ்கத்லிபோகா என்ற கடவுளின் பெயருக்கே புகையும் ஆடி என்பதுதான் பொருள். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்து அறிஞர் ஜான் டீ வைத்திருந்ததாகச் சொல்லப்படும் கருப்பு ஆடி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்தக் கல் பச்சூக்காவிலிருந்து போனது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணாடியும் முகம் பார்க்கும் பொருளும் ஒரே சொல்லில் அடங்கும் வசதி நம் ‘ஆடி’யில் இருக்கிறது.

இந்தக் கல்லின் வகைகளுக்குப் பெயராகச் சொல்லை வளைத்தும் பார்த்தேன். வானவில் தீயாடி, பொன்மினுங்கு தீயாடி, பனிப்பூ தீயாடி. கடைசியதில் வெள்ளை வெள்ளையாகத் தெரிபவை கிறிஸ்டோபலைட் என்ற படிகத் திரள்கள். கண்ணாடி காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகமாக மாறுவதன் அடையாளம் அது, மிகப் பழைய தீயாடி அரிதாக இருப்பதும் அதனால்தான்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரைப் போலத் தெளிந்த நீலத்தில் ‘ஒப்சிடியன்’ என்று இணையத்தில் வருபவை பெரும்பாலும் உலைக் கண்ணாடி, பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். அப்புறம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒப்சிடியன் கிளிஃப் என்று இந்தக் கல்லாலேயே ஆன ஒரு பாறைச்சரிவு இருக்கிறது, அங்கே போனால் கண்ணால் பார்ப்பதோடு சரி, ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

இதோடு பெர்லைட்டுக்கும் ஒரு பெயரை முடிவு செய்துவிடலாமா? மாடித்தோட்டம் போடுபவர்கள் தென்னை நார்க்கழிவோடு கலக்கும் அந்த வெள்ளைக் குருணை, நீரை உறிஞ்சிய தீயாடியிலிருந்து வருவது. 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, அரிசி பொரிவது போலவே பொரிந்து பல மடங்கு உப்புகிறது. பொரிக்கல் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம், நுரைக்கல்லுக்கும் பக்கத்தில் பொருந்தி உட்காரும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது இழையில் இருந்தால், கடையில் அதை என்ன சொல்லிக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள்.