ஞாயிற்றுக்கிழமை பாய்மரப் படகில் நான்கு மணி நேரம்: அப்படி என்னதான் இருக்கிறது?

தாம்பரம்வாசி:
நண்பன் ஒருவன் ஆறு மாதமாகப் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறான். வரும் ஞாயிறு எங்கள் நான்கு பேரையும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கூட்டிப்போகிறானாம். எங்கே என்று கேட்டால் எங்கேயும் இல்லை, சும்மா ஒரு சுற்று, கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடுவோம் என்கிறான். முட்டுக்காட்டில் அரை மணி நேரம் மோட்டார் படகில் போயிருக்கிறேன், அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தாலே வாந்தி வரும். காற்றே வராவிட்டால் என்ன செய்வது? போகலாமா?

கொண்டல்காற்று:
போங்கள். துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் ஆரம்பித்தது, அப்போதிருந்தே இந்த ஊரில் ஆட்கள் எங்கேயும் போகாமல் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

காற்று விஷயம். தரை சூடேறினால்தான் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும், வெயில் காலத்தில் சென்னையில் அது பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான், மேற்கேயிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருக்கும் நாட்களில் இன்னும் இழுத்தடிக்கும். அதுவரை பாய் துவண்டு தொங்க, எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாதி சுகம் அதில்தான். ஐந்து வருடம் பக்கத்து மேசையில் இருந்தவனைப் பற்றி ஒரே மதியத்தில் அத்தனை தெரிந்துகொண்டேன், எழுந்து போக இடமில்லையே.

அப்புறம் காற்று வரும். தண்ணீர் மேல் கரும்பட்டையாக அது நெருங்குவது கண்ணுக்கே தெரியும். பாய் படபடத்து நிறையும், படகு ஒரு பக்கம் சாயும், எல்லோருக்கும் வேலை வந்துவிடும். ஒருவர் சுக்கான், ஒருவர் பெரிய பாயின் கயிறு, மற்றவர்கள் முன்பாய். காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது, சுமார் 45 டிகிரி விலகி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் எல்லோரும் குனிந்து மறுபக்கம் மாற வேண்டும். குனிய மறந்தால் பாயின் அடியில் இருக்கும் பூம் கட்டை மண்டையில் அடிக்கும். எனக்கு அடித்தது, நண்பர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். முட்டுக்காட்டில் உங்களை யாரும் கயிறு பிடிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும். அடியில் கனமான கீல் (தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் எடைத் தகடு) உள்ள படகா, அது இல்லாத சின்ன டிங்கிப் படகா என்று கேளுங்கள். கீல் படகு சாயும், ஆனால் லேசில் கவிழாது. டிங்கி கவிழும், நீச்சல் தெரியாமல் அதில் ஏறாதீர்கள். எதுவானாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கிளம்பக் கூடாது.

சாங்கிக்காரன்:
சிங்கப்பூரிலிருந்து. நாங்கள் சாங்கியிலிருந்து புலாவ் உபின் தீவுப் பக்கம் போய் வருவோம். இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று ஒழுங்காக அடிக்கும், ஏப்ரல் வந்தால் காற்று பெரும்பாலும் செத்துவிடும். சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று ஒரு சூறை வருமே, அதற்குப் பயந்து வானிலை பார்க்காமல் கயிற்றை அவிழ்ப்பதே இல்லை.

வாந்திக்கு: போனைப் பார்க்காதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பொங்கல் வடையும் வேண்டாம். குமட்டினால் சுக்கானைக் கேட்டு வாங்கிப் பிடியுங்கள், ஓட்டுகிற ஆளுக்கு அவ்வளவாகக் குமட்டாது.

தொண்டிக்கரை:
தம்பி, எங்கள் பக்கம் பாக் நீரிணையில் வத்தை என்று ஒரு படகு உண்டு. ஒல்லியான உடம்பு, பெரிய பாய். சாயாமல் இருக்கக் குறுக்கே ஒரு பலகை போட்டு, காற்று வரும் பக்கமாக ஆட்கள் அதன் நுனிவரை போய் உட்கார வேண்டும், காற்று தளர்ந்தால் சட்டென்று உள்ளே நகர வேண்டும். இன்ஜின் வந்த பிறகு பாயைப் போட்டியில்தான் அதிகம் பார்க்கிறோம். காசு கொடுத்து இதைச் செய்கிறார்களா என்று எனக்கும் முதலில் சிரிப்புதான். போன வருடம் வேலை இல்லாத ஒரு நாளில் நாங்கள் நான்கு பேர் பாயை ஏற்றிச் சும்மா போய் வந்தோம். வலை இல்லாமல் நான் கடலுக்குப் போனது அன்றுதான் முதல் தடவை. அப்பா கரையில் நின்று கண்டபடி திட்டினார். திரும்பி வந்ததும் காற்று எப்படி இருந்தது என்று கேட்டார்.

தாம்பரம்வாசி:
போய் வந்துவிட்டேன். கீல் படகுதான். ஒரு மணி நேரம் காற்றே இல்லை, இரண்டு முறை குமட்டியது, சுக்கானைப் பிடித்ததும் அடங்கியது (சாங்கிக்காரருக்கு நன்றி). அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் நண்பன் இன்ஜினை அணைத்தான் பாருங்கள், அந்த நிமிடம் யாருமே பேசவில்லை. தூரத்தில் உயர்நீதிமன்றக் கோபுரம் தெரிந்தது. 1894 முதல் 1977 வரை ஊரின் கலங்கரை விளக்கே அதன் மேல்தான் இருந்ததாம், பஸ்ஸில் அதைத் தாண்டிப் போன இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு நானும் வரட்டுமா என்று மச்சான் கேட்டான், இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.