43 வயதில் ‘இயற்கை எய்தினார்’ என்று போடலாமா?

செல்லூர் சின்னவன்:
போன மாதம் என் அண்ணன் இறந்துபோனார். வயது 43. தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸில் பழைய கல்யாண வீட்டுப் படம், கன்னமெல்லாம் உப்பலாக. கீழே ‘இயற்கை எய்தினார்’. கடைசி நான்கு மாதம் வயிறு மட்டும் பானை மாதிரி, கைகால் குச்சி. பெரியாஸ்பத்திரியில் ஊசி குத்தி நீரை இறக்குவார்கள், பத்து நாளில் மறுபடி கட்டிக்கொள்ளும். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் குடியால் வந்த ஈரல் சுருக்கம் என்றுதான் இருக்கிறது. கேதம் கேட்க வந்தவர்களிடம் அம்மா சொன்னது, “காமாலை முத்திப்போச்சு.”

பதினாறாம் நாள் சாப்பாட்டில் அண்ணனின் கூட்டாளி ஒருவர், “கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கலையாப்பா?” என்று கேட்டார். அவர் கண்ணே மஞ்சளாக இருந்தது. வாய் நிற்கவில்லை. “அண்ணே, எங்கண்ணன் குடிச்சுத்தான் செத்தாரு. நீங்க போயி ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்றேன். பந்தியே நின்றுவிட்டது. அம்மா இன்றுவரை என்னிடம் பேசவில்லை. நான் செய்தது தப்பா?

மேலமாசி வீதி பெரியவர்:
தப்புதான் தம்பி. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அண்ணனுக்குப் பெண் பிள்ளை இருக்கிறதா? இருந்தால், நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் முதலில் விசாரிப்பது டீக்கடையில்தான். ‘குடிகாரன் மக’ என்ற பட்டத்தை நீங்களே பந்தியில் வைத்துக் கொடுத்துவிட்டீர்கள். வீட்டுக்குத் தருகிற இறப்புச் சான்றிதழிலேயே காரணம் போடுவதில்லை. சர்க்காருக்கு இருக்கிற நாசூக்கு கூடப்பிறந்தவனுக்கு வேண்டாமா?

திருமங்கலம் வாசுகி:
ஐயா, மன்னிக்கணும். எங்கப்பா பீடிகூடத் தொட்டதில்லை. அவருக்கும் ஈரல்தான் போனது, ஹெபடைட்டிஸ் பி கிருமியால். அந்தப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு நாங்களும் ‘காமாலை’ என்றோம். தெரு என்ன சொன்னது தெரியுமா? “வாத்தியார் வீட்டுக்குள்ளேயே வச்சுக் குடிச்சிருக்காரு.” எல்லாரும் குடிச் சாவுக்குக் காமாலை என்று சொல்லிச் சொல்லி, நிஜமாகக் கிருமியில் போனவரும் குடிகாரர் ஆகிவிட்டார்.

அதைவிடக் கொடுமை, என் தம்பி. ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள், அவனுக்கும் அதே ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது என்று. ஒரே வீட்டில் பரவக்கூடியது, தடுப்பூசியும் இருக்கிறது. அப்பா போனபோதே வெளிப்படையாகப் பேசியிருந்தால் எல்லாரும் அப்போதே டெஸ்ட் எடுத்திருப்போம்.

மேலமாசி வீதி பெரியவர்:
உங்கள் கதை வேறம்மா. கிருமி என்றால் ஊர் பரிதாபப்படும். குடி என்றால் காறித் துப்பும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஆரப்பாளையத்தான்:
பெரியவரே, ஊருக்குத் தெரியாததையா அவர் சொல்லிவிட்டார்? 2003-லிருந்து சில்லறையில் விற்பதே அரசாங்கம்தான். விற்கிறவருக்கு இல்லாத வெட்கம் செத்தவர் வீட்டுக்கு மட்டும் எதற்கு? சான்றிதழ் விஷயத்திலும் பாதிதான் சொல்கிறீர்கள். காரணத்தை டாக்டர் தனியாக எழுதுகிறார். 2023-ல் வந்த சட்டத் திருத்தப்படி அதன் நகலை நெருங்கிய சொந்தத்துக்கும் ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டும்.

கீழாநெல்லிக்கு வருவோம். மஞ்சள் காமாலை என்பது ஒரு அறிகுறி, தனி நோய் இல்லை. தண்ணீர், சாப்பாடு வழியாக வருகிற ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகும், பேர் மூலிகைக்குப் போகும். சுருங்கிப்போன ஈரல் அப்படித் திரும்பாது.

ஆனால் சின்னவரே, கையில் சோற்றோடு உட்கார்ந்திருப்பவரிடம் இப்படியா சொல்வது? பயத்தில் அவர் ஒரேயடியாக நிறுத்தினால் அதுவும் ஆபத்து. வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவருக்குக் கை நடுக்கம், வலிப்புவரை போகும். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மேலமாசி வீதி பெரியவர்:
நான் சொன்னதும் அதுதானே! தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நானே மெச்சியிருப்பேன். இன்னொன்று, இவ்வளவு பேசுகிறோமே, உங்கள் மதினியிடம் யாராவது கேட்டீர்களா?

செல்லூர் சின்னவன்:
கேட்கவில்லை. நீங்கள் சொன்ன பிறகு நேற்றுத்தான் போனேன். அவர் அரிசி டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு காலி குவார்ட்டர், அண்ணன் ஒளித்து வைத்தவை. ஆள் போய் ஒரு மாதமாகியும் எடுத்துப் போடவில்லை. “அந்த டாக்டர் தாளை என்கிட்ட குடுத்திருங்க. பாப்பாவுக்கு நானே சொல்லிக்கிறேன். நீங்க ஊருல பேச வேணாம்” என்றார். கொடுத்துவிட்டேன்.

கூட்டாளிக்கு மூன்று தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. நாளைக்கு அவர் வேலை பார்க்கும் பட்டறைக்கே போகலாம் என்றிருக்கிறேன். பெரியவர் சொன்ன மாதிரி, தனியாக.