‘பணம் கட்டினால் பிடிஎஃப்’: ஆய்வுக் கட்டுரை தேடி அலைந்தவர்கள் வாருங்கள், கதை சொல்லுங்கள்

குளக்கரை, திருநெல்வேலி

பகலில் கௌரவ விரிவுரையாளர், ராத்திரியில் பகுதிநேர பி.எச்டி. என் தலைப்பு குளத்து நீர்த்தாவரங்கள். போன மாதம் மூன்றாம் அத்தியாயத்துக்கு ஆகாயத்தாமரை பற்றிய ஒரே ஒரு கட்டுரை தேவைப்பட்டது. மொத்தமே எட்டுப் பக்கம். சுருக்கம் மட்டும் தெரிந்தது, அதற்குக் கீழே 39.95 டாலர் என்று ஒரு பொத்தான். நம்மூர்க் கணக்கில் மூன்று கேஸ் சிலிண்டர் வாங்கி மிச்சமும் இருக்கும்.

கைடிடம் புலம்பினேன். “எழுதினவருக்கே ஒரு மெயில் போட்டுப் பாரேம்மா” என்றார். கூச்சமாக இருந்தது. முகம் தெரியாத பிரேசில் பேராசிரியை ஒருவரிடம் போய் எப்படிக் கேட்பது? நாலு வரி எழுதி, மூன்று முறை அழித்து, கடைசியில் அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. கேட்ட கட்டுரையோடு இன்னும் இரண்டு கட்டுரைகள், உங்கள் குளத்தின் படம் அனுப்புங்கள் என்று ஒரு வரி. அந்த 39.95 டாலரில் தனக்கு ஒரு சென்ட்கூட வராது என்றும் எழுதியிருந்தார். அதுவரை எழுதியவருக்கும் ஏதோ பங்கு போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள்.

அலமாரி ஏழு, கும்பகோணம் பக்கம்

கல்லூரி நூலகர், 19 வருஷமாக இதே நாற்காலி. அம்மா, மெயில் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்திருக்கலாம். தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் போட்டால், வலது ஓரத்தில் பிடிஎஃப் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கீழே எல்லாப் பதிப்புகளும் என்பதைத் திறங்கள். பிரவுசரில் அன்பேவால் என்று ஒரு சின்ன நீட்சி போட்டுக்கொள்ளலாம். சட்டப்படியான இலவசப் படி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து நிற்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியிலிருந்து வந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். எங்களுடையது அரசுக் கல்லூரி, உள்ளே வந்துவிட்டோம். பிள்ளைகள் ஆசையாகத் திறக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் இதைத் திறந்த அணுக்கம், அதாவது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிப்பது, என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். (அந்தச் சொல்லைச் சொன்னால் எங்கள் நூலகத்தில் யாருக்கும் புரியாது, ஓப்பன் ஆக்சஸ் என்றால்தான் புரியும். அது வேறு கதை.) இது மெஸ் டோக்கன், அது அன்னதானம். டோக்கனுக்கு அரசு பணம் கட்டுகிறது, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிப் பையன் ஒருவன் நனைந்துகொண்டே வந்தான். அவர்கள் கல்லூரி இந்தத் திட்டத்தில் இல்லை. “சார், உங்க லாகின் மட்டும்...” என்று இழுத்தான். கொடுக்க முடியாது. உட்காரவைத்துப் பச்சைப் பூட்டைத் தேடினோம். ஏழு கட்டுரையில் நான்கு கிடைத்தன. மீதி மூன்றுக்கு மெயில் எழுதச் சொல்லிக் கொடுத்தேன்.

பழைய வேதியியல்காரன், சென்னை

குளக்கரை அம்மா இன்று மெயிலில் செய்ததை நாங்கள் 1980களில் அஞ்சலட்டையில் செய்தோம். ‘தங்கள் கட்டுரையின் ஒரு பிரதி அனுப்ப வேண்டுகிறேன்’ என்று அச்சடித்த அட்டை கட்டுக்கட்டாக மேசையில் இருக்கும். தலைப்பும் பக்க எண்ணும் மட்டும் கையால் எழுத வேண்டும். கடல் கடந்து போய் உறை திரும்பி வர இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம். வந்த தபால்தலைகளுக்கு ஆய்வகத்தில் அடிதடி. என் மகளின் ஆல்பத்தில் போலந்து, ஹங்கேரி எல்லாம் அப்படி வந்தவைதான்.

அந்த ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில்தான் 2001 டிசம்பரில் சிலர் கூடிப் பேசி, 2002 பிப்ரவரி 14 அன்று ஓப்பன் ஆக்சஸ் அறிக்கையை வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் காசு வாங்காமல் எழுதுகிறார்கள், இணையம் வந்துவிட்டது, இனி படிப்பவரிடம் ஏன் காசு கேட்க வேண்டும் என்பதுதான் சாரம். வழியும் இரண்டு சொன்னார்கள்: இதழில் வந்த கட்டுரையின் ஒரு படியை எழுதியவரே பொதுக் களஞ்சியத்தில் போடுவது, இல்லாவிட்டால் இதழையே எல்லாருக்கும் திறந்து வைப்பது.

2004 மே மாதம் தரமணியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென்றே பயிற்சி நடந்தது. பின்னால் நின்று இழுத்தவர் சுப்பையா அருணாசலம். விஞ்ஞானிகளை விடாமல் துரத்தி ‘உன் பேப்பரை ஏற்றினாயா’ என்று கேட்கிற மனிதர். நானும் போய் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனை பேப்பர் ஏற்றினேன் என்று கேட்காதீர்கள்.

வானவில், தமிழ்த்துறை, மதுரை

என் கதை கொஞ்சம் வேறு. திறந்துதான் கிடக்கிறது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பி.எச்டி. தீசிஸை மின்படியாகவும் கொடுக்க வேண்டும் என்று யுஜிசி 2009இல் விதி போட்டது. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் அவை சேருகின்றன. இன்று 5 லட்சத்தைத் தாண்டியாயிற்று. முன்பெல்லாம் ஒரு பழைய ஆய்வேட்டைப் பார்க்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கே பஸ் ஏறி, கடிதம் காட்டி, ஜெராக்ஸ் கூடாது என்று திட்டு வாங்கி, கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த வகையில் சோத்கங்காவுக்குக் கோயிலே கட்டலாம்.

நடுகல் பற்றி வழிகாட்டிக்கொண்டிருந்த மாணவி ஒருநாள் வந்து, “ஐயா, உங்க தீசிஸ் தேடினா வரல” என்றாள். தலைப்புப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப்பும் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து ‘நடுகல்’ என்று தேடினால் பூஜ்யம். அந்தப் பக்கத்திலேயே அந்தச் சொல் பதினோரு இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது! வரியைக் காப்பி பண்ணி ஒட்டிப் பார்த்தோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. அப்போது டைப்பிங் சென்டரில் அடித்தது யுனிகோடு அல்ல, பழைய எழுத்துரு. நம் கண்ணுக்குத்தான் அது தமிழ், கணினிக்கு அல்ல. அந்தக் காலத்துத் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்து 340 பக்கத்தையும் யுனிகோடுக்கு மாற்றினேன். கொம்பும் காலும் இடம் மாறி நின்றதை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மாற்றிய படியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒருமுறை ஏற்றியதை மாற்ற விதியில்லை என்றார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, விடுங்கள்.

சூடுபட்டவன், வணிகவியல்

ஓப்பன் ஆக்சஸ் என்றாலே எழுதுகிறவர் காசு கட்டிப் போடுவது என்று நினைத்து ஏமாந்தவன் நான். 2016இல் பதவி உயர்வுக்குப் புள்ளி தேவை. ‘மாண்புமிகு பேராசிரியரே’ என்று ஒரு மெயில். 3,500 ரூபாய் கட்டினேன், இரண்டே நாளில் ஏற்கப்பட்டது. மதிப்பீட்டாளர் கருத்து ஒரே சொல்: நன்று. அச்சானதைப் பார்த்தால், நான்காம் பக்கத்தில் என் நண்பர் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த ‘இந்தக் கணக்கு தப்பு, பார்’ என்ற குறிப்பும் அப்படியே வந்திருந்தது. இன்றும் அது இணையத்தில் இருக்கிறது, உலகமே இலவசமாகப் படிக்கலாம்.

இப்போது எந்த இதழானாலும் முதலில் நம்பகமான திறந்த இதழ்களைத் தொகுத்துவைக்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். காசு வாங்காத திறந்த இதழ்கள் நிறையவே உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பெங்களூரில் சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய அறிவியல் அகாதமியின் இதழ்களை அகாதமியின் தளத்திலேயே படிக்கலாம். இன்னொரு கோடியில் நேச்சர், கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தது. அதற்கு என் 3,500 பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்பப்பாவின் பெட்டி, யாழ்ப்பாணம்

எங்களுக்குக் காசு கட்டுவது பிறகுள்ள பிரச்சினை. முதலில் அந்தப் புத்தகம் உலகத்தில் இருக்க வேணும். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்று படித்து வளர்ந்த தலைமுறை நான். கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி எழுத எழுபதுகளில் வந்த ஒரு சிற்றிதழ் தேவைப்பட்டது. கொழும்பு வரை தேடித் திரிந்தேன். கடைசியில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளத்தில் கிடந்தது, ஒரு சதமும் இல்லாமல். அட்டையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். மூலையில் யாரோ ஒரு மாஸ்டரின் கையெழுத்து. அவர் தன் வீட்டில் பொத்திவைத்த பிரதி அது.

அடுத்த கிழமை அப்பப்பாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிச்சத்தை ஸ்கான் பண்ணக் கொடுத்திருக்கிறேன்.

காலக்கோடு, பெங்களூரு

யாரும் சொல்லாத பெயரை நான் சொல்கிறேன். சை-ஹப். பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பாளர் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் தளம். கஜகஸ்தான்காரர் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கியது. இங்கே மூன்று பதிப்பாளர்கள் 2020இல் வழக்குப் போட்டார்கள், 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் முடக்கச் சொன்னது. அன்று என் அறைத்தோழன், உயிரியல்காரன், சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நான் இயற்பியல், எங்களுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் ஆர்க்கைவ் என்ற திறந்த களஞ்சியத்தைத் தொடங்கியதிலிருந்து, இதழுக்கு அனுப்பும்போதே ஒரு படியை அங்கே போட்டுவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். திருட்டு, நியாயம் என்று அவனோடு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் கேட்டேன்: “நீ எழுதின ஆறு பேப்பர்ல எத்தனை வெளியில கிடைக்கும்?” பதில் இல்லை. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் (டிஎஸ்டி) உயிரித் தொழில்நுட்பத் துறையும் (டிபிடி) தங்கள் பணத்தில் நடந்த ஆய்வைக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்று 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்துவிட்டன. அவன் பணம் அங்கிருந்துதான் வருகிறது.

குளக்கரை, திருநெல்வேலி

காலக்கோடு சார், அந்தக் கேள்வி எனக்கும் சுருக்கென்று பட்டது. 2023இல் வந்த என் கட்டுரையும் பூட்டித்தான் கிடக்கிறது. எந்த இதழ் எதை ஏற்ற அனுமதிக்கிறது என்று காட்டும் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ) அந்த இதழின் விதியைப் பார்த்தேன். 12 மாதம் கழித்து நாமே ஏற்றலாமாம். எப்போதோ கழிந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் களஞ்சியம் கிடையாது, ஜெனோடோ என்ற பொதுக் களஞ்சியத்தில் போடலாமா?

அலமாரி ஏழு, கும்பகோணம் பக்கம்

தாராளமாகப் போடலாம் அம்மா. ஆனால் பதிப்பாளர் பக்கம் அமைத்த பிடிஎஃப்பைப் போட்டுவிடாதீர்கள். திருத்தம் முடிந்து, ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்ததே, அந்த வேர்டு ஃபைல்தான்.

குளக்கரை, திருநெல்வேலி

அது பழைய லேப்டாப்பில் இருக்கிறது சார். சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.