அப்டேட்: வண்டி பேட்டரி மூடி ஒருவழியா கழண்டுச்சுப்பா

போன வாரம் பொலம்பினேன்ல, பேட்டரி மூடிக்குப் பின்னாடி கை போகாத எடத்துல 10 எம்எம் நட்டு துருப்புடிச்சு நிக்குதுன்னு, நேத்து கழட்டிட்டேன். காசிமேட்டு உப்புக்காத்துல வேற என்ன ஆகும். ஓப்பன் ஸ்பேனர் போட்டு நட்டு மூலைய மழுக்குனது நான்தான், ஒத்துக்கறேன். நைட்டே துரு ஸ்பிரே அடிச்சு ஊறவிட்டு, காலைல நட்ட முழுசா கவ்வற ஆறு மூலை சாக்கெட்ட சுத்தியால தட்டி எறக்கி, கை எட்ட நீட்டு எக்ஸ்டென்ஷன் கம்பி மாட்டி, மொதல்ல லேசா டைட் பண்ற பக்கம் ஒரு அசைப்பு, அப்புறம் லூஸ் பண்ணேன், டக்குனு ஒரு சத்தம், ஒடஞ்சே போச்சுன்னு நெனச்சேன், இல்ல, கழண்டுடுச்சு! தொறந்து பாத்தா வயர் மாட்டற டெர்மினல் முனை பூரா வெள்ளையா பூத்துக் கெடக்கு. நெகட்டிவ் வயர மொதல்ல கழட்டி, சோடா உப்புத் தண்ணி ஊத்தித் தேச்சேன். மாட்டறப்ப நெகட்டிவ் கடைசி. புது நட்டுக்கு கிரீஸ் தடவியாச்சு.