சிவப்பு லைட் எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்

பழைய கார்களின் ஃபேன் பெல்ட் பற்றி இங்கே ஆளாளுக்கு அனுபவம் சொல்வதால் என்னுடையதையும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய மொரிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின். போன மாதம் கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். வட்டவளை தாண்டியதும் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டது, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு இரண்டாவது கியரில் மெதுவாகப் போகிறேன். பெல்ட் ‘கீச்’ என்று கத்தியது. இரண்டு வாரமாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கேட்ட சத்தம்தான், ஈரத்தால் வருகிறது என்று விட்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் ஹெட்லைட் மங்கியது, டேஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு லைட் எரிந்தது. பெட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவில் பிரஷ் தேய்ந்திருக்கும், ஹட்டன் போய்ப் பார்ப்போம் என்று நிறுத்தாமல் போனேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை.

மைனரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் கிடையாது. டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் வோட்டர் பம்பையும் ஃபேனையும் சுற்றுகிறது. ஆகவே பெல்ட் அறுந்தால் நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல் அந்தச் சிவப்பு லைட். அது எரிந்தால் ஓரம் கட்டி பொனட்டைத் திறந்து பாருங்கள். பெல்ட் இருக்கிறதா, டைனமோவில்தான் கோளாறு, பகல் நேரமென்றால் பெட்டரியை வைத்தே வீடு போய்ச் சேரலாம். பெல்ட் இல்லையா, அதற்கு மேல் ஒரு அடி கூடப் போகாதீர்கள்.

மலைக் குளிரில் எஞ்சின் சூடாகாது என்று நம்ம ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். ஏற்றத்தில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், கார் நடக்கிற வேகத்தில் போகும், ரேடியேட்டருக்குக் காற்றே வராது, ஃபேனை நம்பித்தான் வண்டி ஏறுகிறது. அதோடு நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ரேடியேட்டர் மூடி சரியாகப் பிடிக்காவிட்டால் அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

சரி, கதைக்கு வருகிறேன். பொனட் ஓரத்தில் ஆவி வந்த பிறகுதான் நிறுத்தினேன், பார்த்தால் பெல்ட் அறுந்திருந்தது. பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு அம்மா கேத்தலில் தண்ணீர் கொண்டு வந்தார். பின்னால் வந்து நின்ற லொறி டிரைவர், “தம்பி, மூடியத் தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும். தண்ணியும் இப்ப ஊத்தாதீங்க, ஹெட் வெடிச்சிரும்” என்று தடுத்தார். முக்கால் மணி நேரம் அந்த மழையில் என்னோடு நின்றார். அவரும் அந்த அம்மாவும் இல்லையென்றால் எஞ்சின் அன்றைக்கே போயிருக்கும். ஸ்பேர் வீலுக்குக் கீழே அப்பா எப்போதோ சுருட்டி வைத்த பழைய பெல்ட் ஒன்று கிடந்தது, அதைப் போட்டு மெல்ல வீடு வந்தேன்.

அறுந்த துண்டை வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. வளைத்தால் உள்பக்கம் முழுக்க வெடிப்பு. இரண்டு விலாவும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இந்த V வடிவ பெல்ட் விலாவால்தான் புல்லியை, அதாவது அது ஓடும் பள்ளச் சக்கரத்தை, பிடிக்கிறது, அடிப்பக்கம் பள்ளத்தின் அடியில் முட்டவே கூடாது. தேய்ந்த பெல்ட் கீழே இறங்கி அடியில் உட்கார்ந்துகொண்டு வழுக்கும். என் புல்லியின் பள்ளத்து அடி தேய்த்து வைத்த செம்புக் குடம் போல மின்னியது. அதை ஒரு தரம் டோர்ச் அடித்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். 2022இல் பெட்ரோல் இல்லாமல் கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றது, வளைந்த இடத்திலேயே ரப்பர் இறுகிப்போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், டீமேக்கர். அந்தக் காலத்தில் ஒரே நீளத் தண்டிலிருந்து பட்டை பெல்ட் போட்டுத்தான் கொழுந்து உருட்டும் ரோலர்களை ஓட்டினார்கள். வாசலில் நின்று சத்தத்தை வைத்தே எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். “கத்துற பெல்ட்ட அடுத்த நாளைக்கு விடக்கூடாது” என்பார். இரண்டு வாரம் விட்டேனே என்று இன்னும் மனசு கேட்கவில்லை.

புது பெல்ட் மாற்றுவது கஷ்டமில்லை, அரை அங்குல ஸ்பேனர் போதும். டைனமோவுக்கு மேலே இரண்டு போல்ட், கீழே பள்ளம் வெட்டிய பட்டையில் ஒன்று. அந்தப் பட்டையின் மறுமுனை எஞ்சினோடு சேரும் இடத்திலும் ஒன்று இருக்கிறது, அதைத் தளர்த்தாமல் டைனமோ அசையவில்லை என்று பலர் மல்லுக்கட்டுவார்கள். டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளிவிட்டு, பெல்ட்டை ஃபேன் இறகு ஒவ்வொன்றாகத் தாண்டி உள்ளே விட வேண்டும். விரல் தோல் கொஞ்சம் உரியும், அவசரப்படாதீர்கள். பிறகு ஒரு மரக்கட்டையால் டைனமோவை நெம்பிப் பிடித்து இறுக்குங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும்.

பதில், பண்டாரவளையிலிருந்து

அண்ணா, அந்த அரை அங்குலத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கலாம். எங்கள் வீட்டு டட்சன் சன்னிக்கு பெல்ட் மாற்றியவர், “இனி வழுக்கவே வழுக்காது மிஸ்” என்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் வோட்டர் பம்பிலிருந்து கரகர சத்தம், அப்புறம் தண்ணீர் சொட்டியது. பெயரிங் போய்விட்டது. பெல்ட் செலவை விடப் பல மடங்கு போனது. இப்போது யார் மாற்றினாலும் நானே அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.

பதில், கம்பளையிலிருந்து

தம்பி, நான் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரில் வாடகைக்கு ஹயர் ஓடினவன். றம்பொடை வளைவுகளில் ஒரே வருஷத்தில் மூன்று பெல்ட் போனது. ஒவ்வொரு தரமும் பெல்ட்டைத்தான் திட்டினேன். கடைசியில் ஒரு மெக்கானிக் பாஸ், பெல்ட்டைத் தொட்டு விரலை மூக்கில் வைத்து, “ஒயில் வாடை வருது” என்றார். எஞ்சின் முன்பக்க ஒயில் சீல் கசிந்து, புல்லி அதை பெல்ட்டில் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும். சீலை மாற்றிய பிறகு போட்ட பெல்ட் வருஷக்கணக்கில் ஓடியது. சத்தம் வந்தால் சவர்க்காரம் தேய்க்கச் சொல்வார்கள், நானும் தேய்த்திருக்கிறேன், சத்தம்தான் நிற்கும், வழுக்கல் நிற்காது.

மீண்டும் நான்

ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் போய்ப் பார்த்தேன், என் புல்லிக்குப் பின்னாலும் ஒயில் பிசுக்கு இருக்கிறது. இந்த வாரமே சீல் பார்க்கிறேன். என்ன அளவில் பெல்ட் வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு: பழைய பெல்ட்டை அளந்து வாங்காதீர்கள், அது நீண்டிருக்கும். அகலத்தையும் பாருங்கள். கொழும்பில் ஒரு கடையில் எனக்கு முதலில் ஒல்லியான ஒன்றைக் கொடுத்தார்கள், புதிதாக இருந்தும் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்தது, திருப்பிக் கொடுத்து மாற்றினேன். இப்போது போட்டிருப்பது ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நாலைந்து தரம் போய் வந்துவிட்டது. ஞாயிறு காலை அழுத்திப் பார்த்தால் முக்கால் அங்குலம் இறங்கியது, புது பெல்ட் முதலில் கொஞ்சம் நீளும். டைனமோவை இன்னும் கொஞ்சம் வெளியே நெம்பி இறுக்கியிருக்கிறேன். அப்பாவின் பழைய பெல்ட் திரும்பவும் ஸ்பேர் வீலுக்குக் கீழே.