மூன்றாம் வகுப்புப் பையனை ஸ்பெஷல் ஸ்கூலில் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

தாம்பரம் அம்மா:
மகனுக்கு 8 வயது, சிபிஎஸ்இ பள்ளி. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான், சந்திரயான் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது. எழுத உட்கார்ந்தால்தான் பிரச்சினை. 'கொ' எழுத ககரத்தையும் காலையும் போட்டுவிட்டு, கொம்பை எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்க்கிறான், போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதினால் பாதி வரி காணாமல் போகிறது. சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் எடுத்து டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு), கூடவே ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருப்பது) என்றார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது பள்ளி. மாமியாரோ, அவன் அப்பாவும் இப்படித்தான் இருந்தான், தானாகச் சரியாகிவிடும் என்கிறார்.

ஸ்பெஷல் எஜுகேட்டர்:
தானாகச் சரியாகாது மேடம். ஆனால் அவசரப்பட்டு ஏதோ ஒரு ஸ்பெஷல் ஸ்கூலிலும் சேர்க்காதீர்கள், பெரும்பாலானவை அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானவை, உங்கள் பையனுக்கு அது பொருந்தாது. அவனுக்கு வேண்டியது ரெமிடியல் பயிற்சி. எழுத்தைப் பார்த்து, ஒலியைச் சொல்லி, மணலில் விரலால் எழுதி, ஒவ்வொரு எழுத்தாக ஏற்றுவது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தி.நகரில் 'அனன்யா' என்று முழுநேர மையம் நடத்துகிறது, பிள்ளைகள் ஓரிரு வருடம் படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்கே திரும்புவார்கள். லேசான பிரச்சினை என்றால் பள்ளி முடிந்து மாலையில் ரெமிடியல் கிளாஸ் போதும், எது தேவை என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் தெரிந்த அப்பா:
டி.சி. கேட்டு நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அதுதான் முக்கியம். கல்வி உரிமைச் சட்டப்படி 8-ஆம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது (சிறுபான்மைப் பள்ளி என்றால் கணக்கு வேறு). 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி தனியாக இல்லை, அதனால் சான்றிதழை டிஸ்லெக்சியாவை வைத்து அரசு மருத்துவமனையில் வாங்குங்கள். தனியார் ரிப்போர்ட்டை மட்டும் நம்பியிருந்தால் பத்தாம் வகுப்பில் அலைய வேண்டியிருக்கும். சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ-யில் 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், தேவைப்பட்டால் ஸ்க்ரைப், அதாவது அவன் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்.

மதுரைக்காரி:
அக்கா, ஏடிஎச்டியை விட்டுவிடாதீர்கள். என் மகள் ரெமிடியல் கிளாஸில் உட்கார்ந்தாலே போதும் என்ற நிலை, குழந்தைகள் மனநல மருத்துவர் மாத்திரை தொடங்கிய பிறகுதான் அங்கே சொல்லிக்கொடுத்தது மண்டையில் ஏறியது. எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, மருத்துவர் சொல்லட்டும். ஞாபக சக்தி டானிக் விற்கிறவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் திணறினால் தேசிய திறந்தநிலைப் பள்ளி (NIOS) இருக்கிறது, அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 5 பாடம் போதும், 5 வருடத்தில் 9 முறை எழுதலாம்.

தாம்பரம் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. டி.சி. வாங்கவில்லை, சான்றிதழ் வேலையை முதலில் பார்க்கிறேன். அதுவரை வகுப்பில் என்ன கேட்கலாம்?

ஸ்பெஷல் எஜுகேட்டர்:
முதல் பெஞ்ச், போர்டைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் ஜெராக்ஸ், வாய்மொழித் தேர்வு. வகுப்பில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லக்கூடாது. இதையெல்லாம் மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம்.